காற்று, நிழல், மெய்ப்பெயர்: வீட்டில் செய்த எர்த்ஸீ பலகை விளையாட்டில் வரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகின் மாயக்கதைகளை எழுத உட்கார்ந்தபோது முதலில் வரைந்தது ஒரு வரைபடம். கடல் நடுவே சிறிதும் பெரிதுமாகத் தீவுகளைப் போட்டுவிட்டுத்தான் கதைக்குள் போனார். 1968இல் முதல் நாவல் வந்தது. 1971, 1972இல் அடுத்த இரண்டும், நீண்ட இடைவெளிக்குப் பின் 1990இலும் 2001இலும் மற்றவையும் வந்தன. வரைபடத்தோடு பிறந்த உலகம் என்பதால், படித்து முடித்த கையோடு அதை மேசைமேல் விரித்துக் காய் நகர்த்த வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. அக்கா பிள்ளைகள் இருவரோடும் நண்பர்கள் சிலரோடும் பதினொரு மாதம் அந்த ஆசையைத் துரத்தினேன். 20க்கும் மேற்பட்ட சோதனை ஆட்டங்கள் ஆடினோம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று உடைந்தது. எது எப்படி உடைந்தது, எதனால், எதை மாற்றியபோது சரியானது என்று அப்போதே குறித்து வைத்தவற்றைத்தான் இங்கே அறிகுறிவாரியாகத் தருகிறேன்.

நீங்கள் வேறொரு மாயக்கதைத் தொடரை எடுத்திருக்கலாம். அப்போதும் அறிகுறிகள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும். மருந்து மட்டும் வேறு. அதை உங்கள் கதையின் உலகத்துக்குள்தான் தேட வேண்டும். பிற விளையாட்டுகளிலிருந்து கடன் வாங்கி ஒட்டிய விதிகள் எங்கள் பலகையில் இரண்டு மூன்று ஆட்டம்கூடத் தாங்கவில்லை. நாவலுக்குத் திரும்பிப்போய் எடுத்து வந்தவை நிலைத்துவிட்டன.

ஆட்டத்தின் அடிப்படை இது. 2 முதல் 4 பேர் ஆடலாம். ஒவ்வொருவரும் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் படித்து வெளியேறிய இளம் மந்திரவாதி. நான்கு ஏ4 தாள்களை ஒட்டிய பலகை. கடல் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். படகில் தீவு தீவாகப் போய், ஊராரின் குறைகளைத் தீர்த்து, மந்திரத்துக்கு அடிப்படையான ஆதிமொழியின் சொற்களைச் சேர்க்க வேண்டும். ஐந்து சொற்களோடு ரோக்குக்குத் திரும்புபவர் வென்றவர் என்பது தொடக்க விதி. பலகையில் ஒரு கறுப்புக் காயும் உண்டு. அதுதான் கதையில் நாயகனைத் துரத்தும் நிழல்.

எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: "நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் பகடை செய்தது"

வென்றவரே இப்படிச் சொன்னால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். பரமபதமும் தாயமும் ஆடி வளர்ந்த கை, பலகையைக் கண்டதும் பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நகர்த்தத்தான் துடிக்கும். பரமபதத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஏணியும் பாம்பும் வினைப்பயனைக் காட்ட வந்தவை. அங்கே மனிதன் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை என்பதே பாடம். எர்த்ஸீ அப்படிப்பட்ட உலகம் அல்ல. முதல் நாவலில் எல்லாத் துன்பமும் கெட் என்ற சிறுவன் செருக்கோடு எடுத்த ஒரு முடிவிலிருந்து கிளைக்கிறது. முடிவெடுக்கும் உரிமையை ஆட்டக்காரரிடமிருந்து பறித்துவிட்டால் கதையின் உயிர் போய்விடும்.

பகடையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது விழும் இடத்தை மாற்ற வேண்டும். முடிவெடுத்த பிறகு பகடை உருண்டால் அது தீர்ப்பாகிறது. முடிவெடுப்பதற்கு முன் உருண்டால் அது வானிலை. இந்த வேறுபாடு எனக்குப் பிடிபட நான்கு ஆட்டங்கள் ஆயின.

கடல் உலகத்தில் எல்லோருக்கும் பொதுவானது காற்று. அறுகோணத்துக்கு ஆறு பக்கம், பகடைக்கும் ஆறு முகம். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒரு பகடையை உருட்டிக் காற்றின் திசையை நிறுத்துங்கள். காற்றோடு போகும் படகுக்கு 4 கட்டம். அதை ஒட்டிய இரு திசைகளில் 3. அதற்கடுத்த இரண்டில் 2. எதிர்க்காற்றில் 1. கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி இரண்டரைக் கட்டம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும். காற்று தெரிந்த பிறகு, "ஆஸ்கில் தீவுக்குப் போகலாம் என்றிருந்தேன், வடக்கே எதிர்க்காற்று, அப்படியானால் ஹாவ்னரில் இறங்குகிறேன்" என்று மேசையில் பேச்சு எழும். அந்தப் பேச்சு எழுந்தால் ஆட்டம் பிழைத்துவிட்டது. மந்திரக் காற்றை எழுப்பினால் எந்தத் திசையிலும் 4 கட்டம் போகலாம். ஆனால் மந்திரத்துக்கு விலை உண்டு; அது அடுத்த அறிகுறியில்.

இதே நோயின் இன்னொரு முகம் பெண்டர் தீவின் டிராகன். இரண்டு பகடைகளில் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் டிராகனை வெல்லலாம் என்று முதலில் எழுதியிருந்தேன். 36 வாய்ப்புகளில் 6 மட்டுமே அதற்குச் சாதகம், அதாவது ஆறில் ஒன்று. அக்கா மகள் எட்டுச் சுற்றுகள் தயாராகிப் போய், ஒரே உருட்டலில் எல்லாவற்றையும் இழந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த விதியை வைத்திருக்க மனம் வரவில்லை. நாவலைத் திறந்தேன். அங்கே கெட் டிராகனைப் பலத்தால் வெல்வதில்லை. பழைய வரலாறுகளைப் படித்திருந்ததால் அதன் மெய்ப்பெயரை, அதாவது அறிந்தவருக்கு ஆதிக்கம் தரும் இரகசியப் பெயரை, ஊகித்துச் சொல்லி அதைக் கட்டுகிறான். விடை அச்சில் இருந்தும் நான் பகடையைத் தேடிப் போயிருக்கிறேன். இப்போது மூன்று தீவுகளில் கிடக்கும் வரலாற்றுச் சீட்டுகளைத் திரட்டியவர் டிராகனின் பெயரைச் சொல்லலாம். பகடையே கிடையாது.

அறிகுறி: எல்லோரும் எல்லா முறையும் மந்திரம் போடுகிறார்கள்

மந்திரம் இலவசமாக இருந்தால் அதைப் போடாதவர் ஏமாளி. ஒரு ஆட்டத்தில் எண்ணிப் பார்த்தேன்: நான்கு பேர் சேர்ந்து 31 மந்திரங்கள். கடைசியில் மந்திரம் என்ற சொல்லுக்கே மேசையில் மதிப்பில்லை.

கணினி விளையாட்டுகளில் இருப்பதுபோல் ஆளுக்குப் பத்து ஆற்றல் வில்லைகள் கொடுத்து, மந்திரத்துக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன். எண்ணிக்கை குறைந்தது, ஆனால் உணர்வு வரவில்லை. அது மளிகைக் கணக்காக இருந்தது. அங்கேயும் நாவல்தான் கைகொடுத்தது. கெட்டின் ஆசான் ஓஜியன் மழையை ஏவத் தெரிந்தவர். ஆனாலும் நனைந்துகொண்டே நடக்கிறார், மேகத்தை விலக்குவதில்லை. சிறுவனுக்கு அது புரியாமல் எரிச்சலூட்டுகிறது. ஓரிடத்தில் வரவழைத்த மழை இன்னோர் இடத்தில் வறட்சியாகலாம் என்பதை அவன் பின்னால் ரோக் பள்ளியில் கற்கிறான். சமநிலை என்பது அந்த உலகத்தின் இயற்பியல்.

ஆகவே மந்திரத்தின் விலையை, அதைப் போட்டவர் கையிலிருந்து எடுக்காதீர்கள். அது வேறெங்காவது போய் விழட்டும். பலகையின் தீவுகளை இரண்டிரண்டாக இணை சேர்த்தேன், ஒன்று மேற்கில் என்றால் மற்றொன்று கிழக்கில். ஒரு தீவில் மந்திரம் போட்டால் அதன் இணைத் தீவில் ஒரு மஞ்சள் வில்லை விழும். வறட்சி. வறட்சியுள்ள தீவு அது நீங்கும்வரை யாருக்கும் சொல் தராது. கடலில் எழுப்பும் மந்திரக் காற்றுக்கு அருகிலுள்ள தீவின் இணை கணக்கு.

இந்த ஒரே மாற்றத்தில் மேசையின் குணம் மாறியது. "நீ காண்ட் தீவில் மழை பெய்விக்காதே, நான் இரண்டு சுற்றில் இஃபிஷ் போய்ச் சேர வேண்டும்" என்று கெஞ்சல், பேரம், கோபம் எல்லாம் வந்தன. முதன்முறையாக ஒருவர் மந்திரச் சீட்டைக் கையில் எடுத்து, யோசித்து, திரும்ப வைத்தார். அந்தக் கணத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தைச் செய்தேன் என்று தோன்றியது.

இதோடு ஒரு பொதுச் சமநிலைக் கோடும் தேவை. ஆட்டக்காரர் ஒருவருக்கு ஐந்து கட்டம் என்று வைத்து, நான்கு பேருக்கு 20, இரண்டு பேருக்கு 10. ஒவ்வொரு மந்திரமும் காயை ஒரு கட்டம் தள்ளும். கடைசிக் கட்டத்தை எட்டினால் கடல் பொங்கி எல்லோரும் தோற்கிறார்கள். முதலில் ஆட்களின் எண்ணிக்கையைப் பாராமல் 12 என்று நிலையாக வைத்திருந்தேன். நான்கு பேர் ஆடும்போது பாதியிலேயே உலகம் அழிந்தது. இரண்டு பேர் ஆடும்போது அச்சமே இல்லை. உங்கள் ஆட்டத்தில் எண் எதுவாக இருக்க வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். தடையில்லாமல் ஒருமுறை ஆடவிட்டு, எத்தனை முறை போடுகிறார்கள் என்று எண்ணி, அதில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: எல்லோரும் ஓடுகிறார்கள், ஓடுவதே ஆட்டமாகிவிட்டது

நிழல் தன் அருகிலிருப்பவரை நோக்கிச் சுற்றுக்கு இரண்டு கட்டம் நகரும் என்பது முதல் விதி. விளைவு, அதிலிருந்து விலகுவதைத் தவிர யாருக்கும் வேறு வேலை இல்லை. ஊராரின் குறைகளை யாரும் கேட்கவில்லை.

இங்கே இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, நிழல் காரணமில்லாமல் துரத்தியது. கதையில் அது தானாக வந்த பேய் இல்லை, அழைக்கப்பட்டது. ஆகவே இப்போது அதிக மந்திரம் போட்டவரை நோக்கி, அந்தச் சுற்றில் மொத்தம் எத்தனை மந்திரங்கள் போடப்பட்டனவோ அத்தனை கட்டம் நகர்கிறது. ஒருவருமே மந்திரம் போடாத சுற்றில் அது அசைவதில்லை. அப்படி ஒரு சுற்று அமைதியாகக் கடந்துபோகும்போது மேசையில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

இரண்டாவது பிழை, எதிர்த்து நிற்க வழியே இல்லாதது. முதல் நாவலின் திருப்புமுனை ஓஜியன் சொல்லும் அறிவுரை: ஓடாதே, திரும்பி நின்று அதைத் துரத்து. அதை அப்படியே விதியாக்கினேன். நிழல் உங்கள் கட்டத்துக்குள் வந்தால் இரண்டு சொற்களையும் இரண்டு முறைகளையும் இழக்கிறீர்கள். நீங்களே விரும்பி அதன் கட்டத்துக்குள் போனால் ஒரே ஒரு சொல்லை இழக்கிறீர்கள், உங்கள் மந்திரக் கணக்கு பூஜ்யமாகிறது, நிழல் பலகையின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. மோதல் ஒன்றுதான், யார் முதலில் அடியெடுத்து வைத்தார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. ஓடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் திடீரென்று படகைத் திருப்பியபோது மேசையைச் சுற்றி எழுந்த கூச்சலை நான் மறக்கமாட்டேன்.

ஒருவர் முந்திக்கொண்டு போக மற்றவர்கள் எட்டவே முடியாத கோளாறும் இதில் பாதி தீர்ந்தது, ஏனென்றால் வேகமாக முன்னேறுபவர் பெரும்பாலும் மந்திரத்தை அள்ளி இறைப்பவர்தான். 1995இல் வந்த கட்டான் விளையாட்டில் 7 விழும்போது கொள்ளைக்காரக் காயை நகர்த்தி முன்னணியில் இருப்பவரை மறிப்பார்கள். அது நன்றாக வேலை செய்யும் விதிதான். ஆனால் முந்தியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மந்திரமே போடாமல் காற்றை மட்டும் கணித்து ஒருவர் முந்தினால் அவர் வெல்லட்டும்.

அறிகுறி: ஒருவரே எல்லோருக்கும் ஆடுகிறார்

சமநிலைக் கோடு வந்ததும் ஆட்டம் பாதி கூட்டு ஆட்டமாகிவிடுகிறது. உடனே மேசையில் அனுபவம் மிக்கவர் தலைவராகிறார். "நீ அங்கே போ, நீ இதை எடு, நீ பேசாமல் இரு." மற்ற மூவரும் கை மட்டும்தான். எங்கள் மேசையில் அந்தத் தலைவர் ஒரு நெருங்கிய நண்பர். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அவரைக் கண்டிப்பது தீர்வல்ல என்பதை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும்படி ஆட்டத்தை அமைத்தால், நன்றாகக் கணக்குப் போடுபவர் வாய் திறக்கத்தான் செய்வார்.

அந்துவான் பாவ்சா உருவாக்கிய ஹனாபி என்ற சீட்டு விளையாட்டு இதற்கு அழகான விடை கண்டது. அதில் சீட்டுகளை முகம் வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. ஒருவரே முழுப் படத்தையும் பார்க்க வழியில்லை. 2013இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது. நான் அந்த விதியை எடுத்துக்கொள்ளவில்லை. மறைபொருள் இருக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் எர்த்ஸீயில் எதை மறைக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது: பெயர்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஊர் அழைக்கும் பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அந்த ஆள்மேல் ஆதிக்கம் உண்டு. அதனால் உயிருக்கு உயிரான ஒருவரிடம்தான் அதைச் சொல்வார்கள். நொறுங்கிப்போன கெட்டிடம் அவன் நண்பன் வெட்ச் தன் மெய்ப்பெயரைத் தானாகச் சொல்லும் இடம் இருக்கிறதே, அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கும்.

விதி இப்படி ஆனது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு மெய்ப்பெயர்ச் சீட்டை எடுத்துத் தனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்வார். அதன் அடியில் ஓர் இரகசிய வேட்கை எழுதியிருக்கும்: ஒரு குறிப்பிட்ட தீவை வறட்சியின்றிக் காப்பது, மேற்கு விளிம்பிலுள்ள செலிடர் தீவைக் காண்பது, நிழலை ஒருமுறையாவது எதிர்கொள்வது என்று. அதை நிறைவேற்றினால் அது ஒரு சொல்லுக்குச் சமம். எப்போது வேண்டுமானாலும் உங்கள் பெயர்ச் சீட்டை இன்னொருவரிடம் கொடுக்கலாம். வாங்கியவர் பலகையில் எங்கிருந்தாலும் தன் ஒரு முறையைச் செலவிட்டு உங்களை நிழலிடமிருந்து மீட்க முடியும். ஆட்டத்தில் ஒரே ஒருமுறை உங்கள் படகை அவர் விருப்பப்படி நகர்த்தவும் முடியும். கொடுத்த சீட்டைத் திரும்பக் கேட்க இயலாது.

தலைவர் நண்பர் அதன்பின் கட்டளையிடுவதை விட்டுவிட்டார். மற்றவர்களின் வேட்கை தெரியாதபோது கட்டளையிட அடிப்படை இல்லை. அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். கடைசியில் தன் பெயரை முதலில் கொடுத்தவரும் அவர்தான்.

அறிகுறி: எல்லோரும் ஒரே ஆசானின் மாணவராக விரும்புகிறார்கள்

ரோக் பள்ளியில் ஒன்பது ஆசான்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஓர் ஆசானிடம் கற்ற சிறப்புத் திறனோடு தொடங்குகிறார். எங்கள் மேசையில் எல்லோரும் காற்றின் ஆசானையே கேட்டார்கள். மூலிகை ஆசான் சீண்டுவாரின்றிக் கிடந்தார். எல்லாத் திறன்களையும் ஒரே அளவாக்க முயலாதீர்கள். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிரே 15 ஆடு. இரு தரப்புக்கும் விதியும் இலக்கும் வேறு, ஆனாலும் போட்டி நியாயமாக இருக்கிறது. பலமான திறனுக்கு அதன் இயல்பிலேயே உள்ள குறையைக் கொடுங்கள். காற்றின் மாணவர் எழுப்பும் மந்திரக் காற்று 6 கட்டம் தள்ளும், சமநிலைக் காயையும் இரண்டு கட்டம் தள்ளும். மூலிகை மாணவர் மந்திரமின்றியே வறட்சியை நீக்குவார். இப்போது மூலிகை ஆசானுக்குத்தான் போட்டி.

அறிகுறி: பலகையின் அழகான மூலைக்கு யாரும் போவதில்லை

மேற்கு விளிம்பில் செலிடரை மூன்று நாட்கள் வரைந்தேன். ஆறு ஆட்டங்களில் ஒரு படகும் அங்கே போகவில்லை. காரணம் எளிய கணக்கு. ரோக்கிலிருந்து 15 கட்டம், சராசரி வேகம் இரண்டரை, ஆகப் போக 6 முறை, திரும்ப 6. மொத்த ஆட்டமே 14 சுற்று. அங்கே இரண்டு சொற்கள் கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. பரிசை உயர்த்திப் பார்த்தேன். அப்போது எல்லோரும் அங்கேயே போனார்கள். சரியான மருந்து, திரும்பி வரும் கட்டாயத்தை நீக்கியது. ஐந்தாவது சொல் எங்கே கிடைக்கிறதோ அங்கேயே ஆட்டம் முடியும். ஒவ்வோர் இடத்துக்கும் இப்படிப் போக்குவரத்துச் செலவையும் வரவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வரைவதற்கு முன்பே எழுதினால் மூன்று நாள் மிச்சம்.

அறிகுறி: புயல்கள் ஒன்றாகக் கொட்டுகின்றன, அல்லது வருவதே இல்லை

நிகழ்வுச் சீட்டுகள் 28, அவற்றில் புயல் 4. முதல் நான்கு சுற்றிலேயே மூன்று புயல் வந்த ஆட்டமும் உண்டு, கடைசிவரை அலையே அடிக்காத ஆட்டமும் உண்டு. சரியாகக் கலைக்காதது ஒரு காரணம். 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலங்க, இரண்டாகப் பிரித்து விரலால் இழைத்து ஏழு முறை கலைக்க வேண்டும் என்று 1992இல் கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் கணித்துக் காட்டினார்கள். வீட்டில் வெட்டிய தடித்த சீட்டுகளை அப்படிக் கலைக்கவும் முடியாது. மேசைமேல் பரப்பி இரு கைகளாலும் குழப்புங்கள்.

ஆனால் நன்றாகக் கலைத்தாலும் தற்செயல் கொத்தாகத்தான் வரும். புயல்களை வெளியே எடுத்துவிட்டு மற்ற 24ஐ ஆறு ஆறாக நான்கு குவியலாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு புயலைச் சேர்த்துத் தனித்தனியே கலைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். 2008இல் மேட் லீகாக் உருவாக்கிய பேண்டமிக் விளையாட்டில் கொள்ளைநோய்ச் சீட்டுகளை இப்படித்தான் பரப்புவார்கள். சுற்றுக்கு இரண்டு சீட்டு எடுத்தால் 14 சுற்றில் கட்டு தீரும். ஆட்டம் முடிவில்லாமல் இழுக்கும் கோளாறுக்கும் இதுவே மருந்து.

அறிகுறி: "பெயரை மாற்றினால் இது வேறு எந்தக் கதைக்கும் பொருந்தும்"

இதை என்னிடம் சொன்னது அக்கா மகள், பதினான்கு வயது. அவள் சொன்னதையே சோதனையாக்கிக்கொண்டேன். சீட்டுகளின் பெயர்களையெல்லாம் மறைத்துவிட்டு விதிகளை மட்டும் படியுங்கள். இது எந்த உலகம் என்று ஊகிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் நீங்கள் செய்திருப்பது அலங்காரம் மட்டுமே.

எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. கதையை அப்படியே ஆட வைப்பது. ஆரம்பத்தில் எல்லோரும் கெட் ஆகவே ஆடினோம், முதல் நாவலின் நிகழ்வுகள் வரிசையாக வந்தன. படித்தவர்களுக்கு முடிவு தெரிந்திருந்தது. படிக்காத நண்பர் ஒருவருக்கோ, அவர் பின்னால் நாவலில் கண்டடைய வேண்டிய பெரும் மகிழ்ச்சியை நான் கெடுத்திருப்பேன். முடிவை இங்கேயும் அதனால்தான் சொல்லாமல் விடுகிறேன். கெட் பலகையில் வேண்டாம். அவன் வாழ்ந்த உலகத்தின் சட்டங்கள் போதும். வேறு மந்திரவாதிகள் அவற்றுக்குள் தங்கள் கதையை ஆடட்டும்.

அறிகுறி: சீட்டுப் படங்களில் எல்லோரும் வெளுத்துப் போயிருக்கிறார்கள்

மந்திரவாதி என்று வரையத் தொடங்கினால் கை தானாக ஐரோப்பிய முகத்துக்குப் போகிறது. எர்த்ஸீயின் பெருந்தீவுக் கூட்டத்து மக்கள் செம்பழுப்பிலிருந்து கறுப்புவரையான நிறத்தவர். கெட் செம்பழுப்பு, வெட்ச் நல்ல கறுப்பு. வெளுத்த நிறத்தவர் கிழக்கே உள்ள கார்கிஷ் மக்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இதைப் புறக்கணித்தபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அவர் எண்ணித் தீட்டிய நிறம் அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் நிறத்திலேயே மந்திரவாதிகளை வரைந்தபோதுதான் சீட்டுகள் சரியாக அமைந்தன.

அறிகுறி: பலகை வில்லாக வளைகிறது, சீட்டுகள் அடையாளம் காட்டுகின்றன

அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். பின்பக்கமும் அதே எடையுள்ள தாளை ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வையுங்கள். நான்கு துண்டாகச் செய்தால் இணைப்புத் துணியைப் பின்பக்கம் ஒட்டுங்கள், மடிப்பு தேயாது.

சீட்டுகளை 63க்கு 88 மில்லிமீட்டர் அளவில் அமைத்தால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். சோதனைக் காலத்தில் தடித்த தாளில் அச்சிடவே வேண்டாம். சாதாரணத் தாளில் எழுதி, பழைய சீட்டுக்கட்டின் சீட்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் செருகுங்கள். ஒரே தடிமன், பின்பக்கம் தெரியாது, விதி மாறினால் தாளை மட்டும் மாற்றலாம். எல்லாம் நிலைபெற்ற பிறகு 300 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிடலாம்.

இதை விற்கலாமா என்று சிலர் கேட்டார்கள். காற்றுப் பகடை போன்ற விளையாட்டு முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. பெயர்கள், பாத்திரங்கள், வாசகங்கள் வேறு கதை. லெ குவின் 2018இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை தொடர்வதால், 2078 முடியும்வரை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் விற்க வழியில்லை. வீட்டு மேசைக்காகச் செய்யுங்கள்.

அறிகுறி: ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே கேள்வி

"வறட்சி வில்லையை எப்போது எடுப்பது?" இதை மூன்று வெவ்வேறு மேசைகளில் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்ததால் விதிப்புத்தகத்தில் அது எழுதப்படவே இல்லை என்பது தெரியவில்லை. பழக்கமில்லாத மூவரிடம் பெட்டியையும் விதிகளையும் கொடுத்துவிட்டு, அதே அறையில் சற்றுத் தள்ளி உட்காருங்கள். ஒரு சொல்லும் பேசாதீர்கள். தவறாக ஆடினாலும், அழகான விதியைத் தவறவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. இது கடினம், பழக வேண்டியிருக்கும். அவர்கள் தேடிப் பக்கம் புரட்டும் ஒவ்வொரு முறையும் என்ன தேடினார்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஆட்டத்தில் அப்படி 17 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பது ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியவை, நான் ஐந்து பக்கங்களில் சிதறவிட்டிருந்தேன். அந்த ஒன்பதையும் கையடக்க உதவிச் சீட்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். அடுத்த மேசையில் விதிப்புத்தகத்தை இரண்டே முறைதான் திறந்தார்கள்.